கோவிந்தன் லேப்டாப் அணைகிற நேரம்

ஐப்பசி 9, ஞாயிறு. காலையிலிருந்து தூறல்.

இருந்தவர்கள்: நான், முனியம்மாள். மருமகள் சுமதி. பேத்தி தர்ஷினி, மூன்றாம் வகுப்பு. கொழுந்தனார் சின்னசாமி, கூப்பிடாமல் வந்தவர். சுவரில் படமாக என் மகன் கோவிந்தன். மாசியில் போனான், எட்டு மாதம்.

அவன் லேப்டாப் இன்றும் தானாக அணைந்தது. தர்ஷினி காது குத்து வீடியோ போட்டிருந்தோம். மொத்தம் 18 நி. எடுத்தவன் கோவிந்தன், அதனால் அவன் முகம் அதில் கிடையாது. குரல் மட்டும், அதுவும் ஒரே இடத்தில், பதினைந்தாவது நிமிடத்தில். பந்தி நடக்கிறது, நான் சாம்பார் வாளியோடு ஓடுகிறேன், "யம்மா, நீ இன்னும் சாப்புடலியா" என்கிறான். அவ்வளவுதான். அவன் குரல் வேறு எங்கும் இல்லை. அவன் செல்போன் ஆஸ்பத்திரி அலைச்சலில் தொலைந்தது.

இன்று 6 நி. குலசாமிக்குப் பால் ஊற்றும் இடத்தில் போய்விட்டது.

சின்னசாமி: "ஓடாத பொட்டிய வெச்சுகினு என்னா பண்றீங்க அண்ணி, எடைக்குப் போடுங்க." இதே வாய்தான் என் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டார்தான் முதலில் என்று என் அப்பாவை இலையிலிருந்து எழுப்பியது. அந்த வாய்க்கு அப்போது வயது பதின்மூன்று. அன்றைய பாயசத்தில் முந்திரி இல்லை. எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

ஐப்பசி 10, திங்கள். வெயில்.

தர்ஷினி பள்ளிக்கூடம் போனதும் மறுபடி. எப்போதும் போல அவன் கல்யாண வேட்டியை நாலாக மடித்து, அதன் மேல் லேப்டாப். வெறும் இடத்தில் வைக்க மனம் வராது, அவனுக்குச் சோறு போட்ட சாமான். வெள்ளிக்கு வெள்ளி சந்தனம் குங்குமம் வைக்கிறேன், ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டையாக இருக்கிற இடத்தில். அதுதான் அதற்கு நெற்றி மாதிரி.

நேரம் குறித்தது: காலை 7 நி. மதியம் 5. சாயங்காலம் 4.

செய்து பார்த்தவை: வேறு பிளக். பக்கத்து வீட்டு சார்ஜர். பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டியது. எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டது (சுமதிக்குத் தெரியாது).

அடியில் கை வைத்தால் தோசைக்கல்.

சு. சொன்னாள், பதினைந்தாவது நிமிடத்துக்கே தள்ளிவிடலாம் என்று. விடவில்லை. முதலில் வருவது குலசாமி. சாமியைத் தாண்டிக்கொண்டு போய் மகன் குரலைக் கேட்பதா.

கொள்ளு ஊறப் போட்டேன்.

ஐப்பசி 11, செவ்வாய். மப்பு.

3 நி.

சு. அந்த வீடியோவைத் தன் போனில் ஏற்றிக்கொள்கிறேன் என்றாள். அப்புறம் பார்க்கலாம் என்றேன். காரணத்தை இங்கேதான் எழுத முடியும். அவள் தாய் வீடு அரூர் பக்கம். அவள் அண்ணன் இரண்டு தடவை வந்து கூப்பிட்டுவிட்டான். குரல் இந்தப் பெட்டியில் இருக்கிறவரை அவளும் இங்கே இருப்பாள். போனில் ஏறிவிட்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்புறம் இந்த வீட்டில் நானும் படமும்தான்.

ஐப்பசி 13, வியாழன். நல்ல மழை.

எழுத்து கோணல்.

ரேஷன் கடையிலிருந்து வந்தால், சு. லேப்டாப்பை வெறும் சிமெண்டுத் தரையில் வைத்து, அடியில் இரண்டு தீப்பெட்டி முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள். வேட்டி துவைத்துக் கொடியில். யாரைக் கேட்டுத் தொட்டாய் என்றேன்.

"ஒரே நூலும் தூசியுமா இருந்துச்சுங்கத்தை. கீழ வெச்சா நிக்காம ஓடுதுங்க. பாருங்க, பந்தி வரைக்கும் வந்துருச்சு. உக்காருங்க."

திரையில் பந்தி அப்படியே நின்றிருந்தது. இலை போட்டாயிற்று. நான் வாளியோடு. ஆனால் அவள் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. புருஷன் சாமானைத் தரையில் போட்டு மிதிக்கிறாயா என்று கத்தினேன். பட்டென்று மூடி, தூக்கி, என் கம்பளியை மடித்து அதன் மேல் வைத்தேன். திறந்தால் 1 நி. கூட இல்லை. திரை கறுப்பு. உள்ளே டக் டக் என்று சத்தம், பல்லி மாதிரி.

எழுதி வைக்கிறேன். சுமதியை நான் மன்னிக்க மாட்டேன்.

ஐப்பசி 14, வெள்ளி.

தர்ஷினி கேட்கிறது: "ஆயா, நீயும் அம்மாவும் டூவா?"

ஐப்பசி 17, திங்கள். வெயில், புழுக்கம்.

தருமபுரி போய் வந்தோம். பஸ்ஸில் லேப்டாப் என் மடியில். ஜன்னல் சீட்டை சு. எனக்கு விட்டாள்.

ரிப்பேர் கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். மஞ்சுநாத் என்று பெயர், நாற்பது வயது இருக்கும். போனில் அவர் வீட்டோடு கன்னடம், எங்களோடு தமிழ். திருப்பிப் போட்டு அடி மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு சின்ன விசிறி. அது சுற்றவே வழியில்லை, வேட்டி நூலும் சந்தனமும் குங்குமமும் சேர்ந்து அடைபோல இறுகிக் கிடந்தது. குச்சியால் நோண்டி ஒரு காகிதத்தில் வைத்தார். என் குங்குமம். நிறம் தெரியாதா எனக்கு.

"துணி மேல வெச்சு ஓட்டுனீங்களா? இதுக்கு மூச்சு வயித்துலம்மா. அடியிலதான் காத்து இழுக்கும். அடச்சா சூடேறித் தானா நின்னுக்கும். யாருங்க இப்படிப் பொட்டு வெச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சு. சொன்னாள், "நாந்தாங்க."

விசிறி சரியாகிவிடுமாம். ஆனால் வீடியோ இருக்கிற டிஸ்க் வேறு. ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ தூக்கி அசைத்ததில் அது அடிபட்டிருக்கிறது, பார்க்கலாம், விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

திரும்பும்போது மடி காலி.

ஐப்பசி 20, வியாழன். தூறல்.

மஞ்சுநாத் போன் செய்தார். சு. ஸ்பீக்கரில் போட்டாள். புது டிஸ்க் போட்டால் லேப்டாப் ஓடும். பழையது எழவில்லை. தெரிந்தவர் ஒருவரிடமும் கொடுத்துப் பார்த்தாராம். எதுவும் வராது.

சு. வாசலில் போய் நின்றாள். நான் களி கிளறினேன். கட்டி விழுந்தது. இத்தனை வருஷத்தில் எனக்குக் களி கட்டி விழுந்ததில்லை.

கேட்டேன்: அன்று நான் வருவதற்கு முன்னால் நீயாவது அவன் பேசினதைக் கேட்டாயா.

"இல்லீங்கத்தை. நீங்க வரட்டும்னு அங்கியே நிறுத்தி வெச்சிருந்தேன். ரெண்டு பேரும் சேந்து கேக்கலாம்னு."

களிச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஊருக்குப் போகிறாயா என்றேன். எந்த ஊருக்குங்க என்றாள். பிறகு சட்டியைப் பார்த்துவிட்டு, "நீங்க இன்னும் சாப்புடலீங்களா" என்றாள். வேறொன்றும் நினைத்துச் சொல்லவில்லை, சும்மாதான் கேட்டாள். நான் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன்.

13ஆம் தேதிக்குப் போய் சுமதி பெயரை அடித்துவிட்டேன். சின்னசாமியைக்கூட விட்டுவிடலாம், அன்று அது பதின்மூன்று வயதுப் பிள்ளை. சாமியைத் தாண்டக் கூடாது என்றது, போனில் ஏற்ற விடாதது, பொட்டு வைத்தது, பந்தி வரை வந்ததை மூடித் தூக்கியது, எல்லாம் ஒருத்தி. அவளை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

முனியம்மாள்.