உதைபந்தாட்ட வரலாற்றில் விடுபட்ட பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாவா?

ஞாயிற்றுக்கிழமை இங்கே கிளேட்டனில் உங்கள் கல்லூரிப் பழைய மாணவர்கள் கல்லூரியின் உதைபந்தாட்ட வரலாற்றைப் புத்தகமாக வெளியிட்டார்கள். 1976இல் முதல் அணியை உருவாக்கி, பதினொரு வருடம் பழக்கிய உங்கள் பெயர் அதில் எங்குமே இல்லை. முதல் பயிற்றுநர் என்று அன்றைய அதிபரைப் போட்டிருக்கிறார்கள். எழுந்து கேட்டேன்.

"சின்ன விசயம் பிள்ளை, பிறகு கதைப்பம்" என்றார் சங்கத் தலைவர்.

உங்கள் முதல் கோல்கீப்பர் சிவசோதி அங்கிள் உடனே எழும்பினார். "சின்ன விசயமோ? எங்கட சாதிப் பொடியளைச் சேர்க்க வேண்டாமெண்டவர் அந்த அதிபர். அவங்கள் இல்லாட்டி அணியே இல்லையெண்டு நிண்டவர் இந்தப் பிள்ளையின்ர அப்பா."

திருத்தி அச்சிடுவதாகத் தலைவர் ஒப்புக்கொண்டார். என் கோபம் இன்னும் ஆறவில்லை. இதை நீங்கள் ஏன் எனக்கு ஒரு நாளும் சொல்லவில்லை?

முதல் அணியின் படத்தை அனுப்புங்கள். அம்மாவின் மிளகாய்த்தூளும் கொஞ்சம் வேண்டும், தனியே சமைத்தால் எதுவும் ருசிக்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது. படத்தின் பின்னால் எல்லோருடைய பெயரையும் எழுதுங்கள். அடக்கம் பார்த்து உங்கள் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
தர்சினி