ஏணியிலிருந்து விழுந்தவர்

மார்ச் 4

அன்புள்ள சுண்டெலி அப்பாவுக்கு,

நாங்க நலம். போன்ல கேட்டா பேச்சை மாத்திடுவீங்க, அதான் எழுதுறேன்.

நம்ம பொண்ணு சுண்டெலிக்கு மூட்டு வீக்கம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. காலையில மட்டும் விரல் மடங்க மாட்டேங்குது. வெந்நீர்ல கைய வெச்சு எடுத்தப்புறம்தான் சட்டைப் பொத்தான் போடுறா. இந்தத் தடவை டாக்டரம்மா கழுத்துல ஸ்கேன் பார்த்தாங்க. ஏழு வருஷமா மூட்டுல இருக்கிற வியாதி ரத்தக் குழாயையும் விட்டு வைக்காதாம். பதினொரு வயசுக்குக் குழாய்ச் சுவர் கொஞ்சம் தடிப்பா இருக்காம். இப்போ பயமில்ல, ஆனா இப்பவே கவனிக்கணும்னாங்க.

குடும்பத்துல யாருக்காவது சின்ன வயசுல இதயக் கோளாறு இருந்துச்சான்னு கேட்டாங்க. என் பக்கம் இல்ல. உங்கப்பா ஏணியிலிருந்து விழுந்து இறந்து போனார்னு சொன்னேன். சரிதானே?

உங்கள்,
சுண்டெலி அம்மா

மார்ச் 19

அன்புள்ள உனக்கு,

இங்க லிஃப்ட் ரிப்பேர் வேலை தலைக்கு மேல கிடக்கு. சுண்டெலிக்கு ஸ்வெட்டர் வாங்கிட்டேன், பொத்தானே இல்லாதது. டாக்டருங்க எதையாவது கிளறத்தான் செய்வாங்க. பதினொரு வயசுப் பிள்ளைக்கு இதயத்துல என்ன வரப்போகுது? மனசப் போட்டு குழப்பிக்காத.

உன்,
சுண்டெலி அப்பா

மார்ச் 30

அன்புள்ள சுண்டெலி அப்பாவுக்கு,

கேட்டதுக்குப் பதில் வரல. டாக்டரம்மா கொடுத்த படிவத்துல குடும்பத்துல இதயக் கோளாறு உண்டாங்கிற அந்த ஒரு கட்டம் காலியாவே இருக்கு. உண்டு, இல்ல. ஒரு வார்த்தை எழுதினா போதும்.

சுண்டெலி அம்மா

ஏப்ரல் 14

அன்புள்ள உனக்கு,

அப்பா ஏணியிலிருந்து விழுந்தது நிஜம். விழறதுக்கு முன்னாடி நெஞ்சப் பிடிச்சிருக்கார். அம்மா கீழ நின்னு பார்த்திருக்காங்க. அப்போ அவருக்கு முப்பத்தாறு வயசு. இதய நோய்க் குடும்பம்னா யார் பொண்ணு தருவாங்கன்னு அம்மா முன்பாதியை விட்டுட்டாங்க. நானும் அப்படியே சொல்லிப் பழகிட்டேன். உன்கிட்ட சொல்லிடணும்னு எத்தனையோ தடவை வாயெடுத்தேன். மன்னிச்சிடு.

உன்,
சுண்டெலி அப்பா

ஏப்ரல் 27

சுண்டெலி அப்பாவுக்கு,

படிவத்துல எழுதிக் கொடுத்துட்டேன். டாக்டரம்மா திட்டல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னும் சீக்கிரமே பார்த்திருக்கலாம்னு மட்டும் சொன்னாங்க. இனி வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். ஓடக் கூடாது, ஆடக் கூடாதுன்னு நான் உட்கார வெச்சதும் தப்பாம். இப்போ தினம் அரை மணி நேரம் நடக்குறா.

கோபம் வரும்னு காத்திருந்தேன், வரல. அழுகையும் வரல. தையல் கூடத்துல உட்கார்ந்து நாள் பூரா காலர் தைச்சேன். எல்லாம் நேராத்தான் வந்துச்சு.

ஸ்வெட்டர் வந்துச்சு. அவ போட்டுக்கல, பொத்தான் வெச்ச சட்டைதான் வேணுங்கிறா.

அடுத்த மாசம் உங்களுக்கும் முப்பத்தாறு ஆகுது. இதயத்தைப் பரிசோதிச்சுப் பாருங்க. ரிப்போர்ட்டை டாக்டரம்மாவுக்கே அனுப்பிடுங்க, விலாசம் பின்பக்கம் இருக்கு. எனக்கு எழுத வேண்டாம்.

சுண்டெலி அம்மா