அப்பா ‘சரிங்க’ என்று சொன்னது

ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை ஏழேகால். நீ கூப்பிட்டு நான் எடுக்காத போன் பதினேழு.

அன்பு மகளுக்கு, அப்பா நலம். வழக்கத்துக்கு எழுதுகிற நலம் இல்லை இது, இப்போதுதான் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன், நூற்றுப் பன்னிரண்டு. அம்மாவும் நலம், நேற்று நடந்ததைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் அளவுக்கு நலம். போனை எடுத்தால் நீ அழுவாய், நான் கத்துவேன், விஷயம் பாதியில் நிற்கும், அதனால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அம்மா சொன்னதில் பாதியைக் கழித்துவிட்டு இதைப் படி.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்க நேற்று காலை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வாய் சுத்தமாக இருக்கட்டும் என்று நான் சாப்பிடவில்லை. சர்க்கரை மாத்திரையை மட்டும் கடமை தவறாமல் போட்டுக்கொண்டேன். பல் டாக்டருக்குப் படிக்கிற நீ இப்போது தலையில் அடித்துக்கொள்வாய், அம்மா ஏற்கெனவே அடித்துவிட்டாள், என் தலையில். ஒன்பதரை என்றது பதினொன்று ஆயிற்று. நாற்காலியில் சாய்ந்தபோது முதுகெல்லாம் வியர்வை, ஏசி சரியில்லை என்றேன். கை நடுங்கியது, நாற்காலி மோட்டார் அதிர்கிறது என்றேன். நர்ஸ் என்னைப் பெரியவரே என்று கூப்பிட்டாள், நாற்பத்திரண்டு வயதுக்காரனை, அதற்கு ஒரு சண்டை. விரலில் அவள் மாட்டிய கிளிப் நாடித்துடிப்பு நூற்றுப் பதினெட்டு என்றது. ஆஸ்பத்திரி மீட்டர்களை ரிப்பேர் செய்தே குடும்பம் நடத்துகிறவன் சும்மா இருப்பேனா, இது பழசு, வேறு கொண்டுவா என்றேன். வேறு வந்தது, அதுவும் அதையே காட்டியது, இரண்டுமே குப்பை என்றேன். அவள் பொறுமையாக, நீங்க எப்பவுமே இப்படித்தான் பேசுவீங்களா, இல்ல இன்னைக்கு மட்டுமா என்று கேட்டாள். அதற்கும் எரிந்து விழுந்தேன். சர்க்கரை இறங்கினால் சிலர் காரணமே இல்லாமல் சண்டை போடுவார்களாம், அதற்காகத்தான் அப்படிக் கேட்டிருக்கிறாள். நான் சர்க்கரை ஏறினாலும் போடுகிறவன், பாவம், எதை வைத்துக் கண்டுபிடிப்பாள். டாக்டரும் சுபாவமே இப்படித்தான் போல என்று மரத்துப்போகும் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார்.

பேசாம வாயைத் திறங்க என்றாராம். நான், சரிங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், ரொம்ப நன்றிங்க என்றேனாம். எனக்கு ஞாபகமில்லை. கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த உன் அம்மா கைப்பையைக்கூட எடுக்காமல் உள்ளே ஓடிவந்து, ஊசி போடாதீங்க, இவருக்கு என்னமோ ஆயிடுச்சு, இருபத்திரண்டு வருஷமா இந்த மனுஷன் யாருக்கும் நன்றின்னு சொன்னதே இல்லை என்று கத்தினாளாம். டாக்டர் சிரிக்கவில்லை. உடனே விரலைக் குத்திப் பார்த்தார், நாற்பத்தாறு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நினைவே தப்பி வலிப்பு வந்திருக்கும், அதுவும் வாய்க்குள் ஊசி இருக்கும்போது என்றார் பிறகு. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. விழுங்க முடிந்ததால் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில், டம்ளர் சரியாகக் கழுவலையே என்றேன். உன் அம்மா, வந்துட்டாரு, வந்துட்டாரு என்று நர்ஸைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பரீட்சையை விட்டுவிட்டுக் கிளம்பி வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாயாமே. வராதே. வந்து என்ன செய்யப் போகிறாய், என் முகத்தைப் பார்க்கவா, போட்டோ அனுப்புகிறேன். திங்கட்கிழமை போய் எழுது. நாளைக்கு உன் நாற்காலியில் எவனாவது வியர்த்து உட்கார்ந்தால், சாப்பிட்டானா என்று கேள், மீட்டரைப் பார், கூட வந்தவரை உள்ளே கூப்பிட்டு இவர் எப்பவும் இப்படியா என்றும் கேள். அதைச் சொல்லும் மீட்டர் இன்னும் என் கைக்கு வரவில்லை.

நன்றாக எழுதி, நன்றாகத் தேறி, என்னைப் போல ஒரு நோயாளி உனக்கு அமையாமல் பல்லாண்டு இருக்க ஆசீர்வாதம். காலையில் சாப்பிடாமல் பரீட்சைக்குப் போகாதே, இதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லைதான், இருந்தாலும் போகாதே.

இப்படிக்கு,
உன் அப்பா

அம்மா பக்கத்தில் நின்று எழுதச் சொன்னது, இனி நான் செய்யப் போவது:

1. தட்டு முன்னால் வந்த பிறகுதான் மாத்திரை.
2. சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய். பிடிக்காத ருசியாக வாங்க வேண்டும், இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும்.
3. அடுத்த புதன்கிழமை போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்வது. அது இன்னும் வாயில்தான் இருக்கிறது.
4. நர்ஸிடம் மன்னிப்புக் கேட்பது, அம்மாவுக்கு நன்றி சொல்வது. வயிறு நிறையச் சாப்பிட்டு, மீட்டரில் எண்ணைக் காட்டிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துக் குளுக்கோஸைக் கொட்டிவிடுவார்கள்.