எலி கடித்த வரைபடம்

ஜூன் 3, 1977
மழையும் இல்லை, மலை உச்சியில் பனியும் இல்லை. நாற்பது மாடுகளும் காய்ந்த ஓடைக்குள் நின்று என்னையே முறைக்கின்றன. நானா குடித்துத் தீர்த்தேன்? வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்வில் கெஸ்லரின் ஊற்று மட்டும் ஜம்மென்று ஓடுகிறது. தண்ணீர் கிடைக்காவிட்டால் மாடுகளை விற்க வேண்டியதுதான்.

ஜூன் 9
என் வீட்டுக்காரர் டெல்பர்ட் உயிரோடிருந்தபோது கொட்டகைச் சுவரின் ஓட்டையை மறைக்க ஆணியடித்து வைத்த காகிதம் — 1951-ல் அரசாங்கம் போட்ட நிலவரைபடம்! பாதியை எலி தின்றுவிட்டது. மிச்சத்தில் வேலி நூல் பிடித்தாற்போல நேராகப் போகிறது. ஊற்று என் பக்கம்!

ஜூன் 10
"எலி தின்ன காகிதத்தை வெச்சுக்கிட்டு என் தண்ணியக் கேக்குறியா, ஆர்டித்?"

"எலி பொய் சொல்லாதுய்யா. உங்க பாதி வேலி எப்படி வளைஞ்சுது?"

ஆர்வில் காது சிவந்துபோனது. இங்கே வழக்கம், வேலி நடுவில் இருவரும் எதிரெதிரே நின்று அவரவர் வலக்கைப் பக்கத்துப் பாதியைச் சீர்செய்வது. பனி சாய்த்த கம்பங்களை வருஷா வருஷம் ஒவ்வொரு அடியாக என் பக்கம் தள்ளி நட்டிருக்கிறார், திருட்டு மனுஷன்!

ஜூன் 14
நில அளவைக்காரர் வந்தார். "ஊற்று உங்களுதுதாம்மா." குதித்தேன். அதோடு போயிருக்கக் கூடாதா? டெல்பர்ட் பார்த்துவந்த பாதியையும் அளந்துகொண்டே வந்து, என் அடுப்படிக்குள் நுழைந்து, அடுப்பு முன்னால் நின்றார்.

"வேலி இங்கதான் இருந்திருக்கணும்."

அடப்பாவி டெல்பர்ட், நீயுமா? வேலியை நகர்த்தியது போதாதென்று '62-ல் அவர் நிலத்தில் அடுப்படியும் கட்டினாயே!

ஆர்வில் சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது. "அப்போ என் அடுப்புல ஒரு காபி போடும்மா."

ஜூன் 15
முடிவாயிற்று. வேலியை யாரும் தொடக்கூடாது. ஊற்றருகே ஒரு கேட். ஓடையில் தண்ணீர் வரும்வரை என் மாடுகள் அங்கே குடிக்கலாம். அதுவரை தினம் காலை ஏழு மணிக்கு அவருக்கு 'அவருடைய' அடுப்படியில் காபி.

ஜூன் 22
"என் அடுப்படிக்கு வேற திரைச்சீலை போடக்கூடாதா?" என்கிறார். கரண்டியை எடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 30
மூன்று நாள் மழை. ஓடை கரை புரள்கிறது. ஒப்பந்தம் முடிந்தது, நிம்மதி.

ஏழு இருபது. ஆளைக் காணோம். காபியை இரண்டு தடவை சூடாக்கிவிட்டேன். எனக்கு என்ன வந்தது?

ஏழரைக்கு வாசலில் சொட்டச் சொட்ட நின்றார். உள்ளே வரவில்லை.

"ஓடை நிறைஞ்சிருச்சு போலயே, ஆர்டித்."

"எந்த ஓடை?" என்றேன்.