நீர் இறங்கும் வேளை

பிலடெல்பியா
மார்ச் 6, 1994

அன்புத் தம்பி எஸ்ராவுக்கு,

அக்கா வெனிடா எழுதுவது. நலமா இருக்கிறாயா? கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்ததா என்று இதுவரை ஒரு வரி இல்லை. போதகர் ஆகிவிட்டால் கர்த்தருக்கு மட்டும்தான் நன்றி சொல்வார்கள் போலிருக்கிறது.

உன் மருமகள் ஜொனெலுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. என் நடனக் குழுவில் இப்போது அவள்தான் முதல் ஆட்டக்காரி. அவள் வயதில் நான் ஆடியதைவிட நன்றாகவே ஆடுகிறாள். அதை அவளிடம் சொல்லித் தொலைக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். சவானாவில் ஒரு கலை அமைப்பு கோடையில் புது ஆட்டம் ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறது. மேடை வேண்டாம், எந்த இடத்தைப் பற்றிய ஆட்டமோ அந்த இடத்திலேயே ஆடுகிறோம் என்றேன். சம்மதித்துவிட்டார்கள். இடம் நம் கேலப் தீவின் ஓடைத்துறை. உன் சபைக்குப் பின்னால் சேறும் சிப்பியுமாகக் கிடக்கிறதே, அதேதான். நம்மவர்களை அடிமைகளாகக் கப்பலிலிருந்து இறக்கியது அந்தத் துறையில். பிற்பாடு அவர்களே யாருக்கும் தெரியாமல் வந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்ததும் அங்கேதான். பெயரைப் பறிகொடுத்தவர்கள் அந்தத் தண்ணீருக்குள் செத்து, வேறு ஆளாக எழுந்தார்கள். அந்தச் சாவையும் மறுபிறப்பையும்தான் ஆடப் போகிறோம். ஒலிபெருக்கி, விளக்கு எதுவும் கிடையாது. பலகையில் தட்டும் தடியும் கைத்தட்டும் மட்டும். டிக்கெட்டும் இல்லை.

வேறு யார் வாய்வழியாகவும் உன் காதுக்கு வரக் கூடாது என்று உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

உன் அக்கா,
வெனிடா


கேலப் தீவு, ஜார்ஜியா
மார்ச் 19, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பளிச் சட்டை வந்தது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதைப் போட்டுக்கொண்டு பிரசங்கம் செய்தால் சபை மொத்தமும் எனக்காக ஜெபிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் நன்றி. ஜொனெலுக்கு மாமாவின் முத்தம்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதக் கை வரவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வேண்டாம், அக்கா.

போன வாரம் சவானாவிலிருந்து இரண்டு பேர் கேமராவோடு வந்து துறையை அளந்துவிட்டுப் போனார்கள். டீக்கன் பர்விஸ் அதைப் பார்த்துவிட்டார். சபையில் எனக்கு அடுத்தவர் அவர் என்பது உனக்குத் தெரியும். நேரே என் வீட்டுக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: “பாஸ்டர், நான் அந்தத் தண்ணியில எங்கப்பா கையில முங்கி எந்திரிச்சவன். அதைச் சவானாக்காரன் மடக்கு நாற்காலி போட்டு உக்காந்து வேடிக்கை பாக்கணும்னா, மொதல்ல என்னைப் பொதச்சிருங்க.”

அவர் பேசியதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. நீ ஆடிக் காட்டப் போகும் முழுக்கை நாங்கள் இங்கே இன்றும் செய்துகொண்டிருக்கிறோம். உயிரோடு இருக்கிற ஒன்றுக்கு எதற்கு வேஷம்? அப்பா உனக்குச் செய்ததற்கு இந்தத் துறையிடம் வட்டி வசூலிக்கப் பார்க்கிறாயோ என்றுகூடத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதே.

தம்பி,
எஸ்ரா


பிலடெல்பியா
ஏப்ரல் 11, 1994

எஸ்ரா,

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதிவிட்டால் கோபம் வராதா?

‘அப்பா உனக்குச் செய்தது.’ எவ்வளவு சுருக்கமாக முடித்துவிட்டாய். அது ஈஸ்டர் ஆராதனை. நான் எல்லோரோடும் துதி வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். காலோடு கால் பின்னாதவரை துதி, பின்னினால் கூத்து. நம் சபைச் சட்டம் அதுதானே? என் கால் பின்னியது. ஆவி நிறைந்தவளுக்குத் தன் கால் எங்கே கிடக்கிறது என்று தெரியுமா? அப்பா தடியை நிறுத்தச் சொன்னார். எல்லோர் முன்னாலும், “வெனிடா, வெளிய போ. கூத்தாடிக்கு இங்க எடமில்ல” என்றார். அவர் போதகர், நான் போதகர் மகள். போனேன். போனவள் போனவள்தான். அன்றைக்குப் பலகையில் தடி தட்டிக்கொண்டிருந்த பிள்ளை நீ. உன்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. மறந்துவிட்டதாக மட்டும் நடிக்காதே.

நான் வேஷம் கட்ட வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே துதி அது. அதை எங்கே செய்தால் பொருந்துமோ அங்கே செய்ய வருகிறேன்.

துறைக்கு இறங்கும் நிலம் அம்மாவழிச் சொத்து. உன் பெயரும் என் பெயரும்தான் அதில் இருக்கின்றன, சபையின் பெயர் இல்லை. ஜூன் 26, ஞாயிறு காலை, ஏற்றம் முடிந்து கடல்நீர் இறங்கத் தொடங்கும் வேளை. அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

வெனிடா


கேலப் தீவு
மே 2, 1994

அக்கா,

ஜூன் 26 காலை எங்கள் முழுக்கு. நாலு பேர் பனிக்காலத்திலிருந்து காத்திருக்கிறார்கள். நீர் இறங்கும்போது முங்கினால்தான் பழைய பாவத்தைக் கடல் கொண்டுபோகும். இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாள் பார்த்தபோது உனக்குத் தெரியாமலா இருந்தது?

உன் ஆட்கள் வந்து சேரும்போது நாங்கள் தண்ணீருக்குள் நிற்போம். நகர மாட்டோம். நிலத்தில் பாதி உன்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் யார் பெயரிலும் இல்லை.

எஸ்ரா


பாலத்துக்கு அக்கரை
ஜூன் 17, 1994

எஸ்ரா,

இதை மீன்கடை லோரீனிடம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு பாலம்தான் நடுவில். நீயும் வரவில்லை, நானும் வரவில்லை. காகிதத்திலேயே சண்டை போடுவோம்.

வந்ததிலிருந்து தினமும் துறையில் ஒத்திகை. உன் பர்விஸ் மரத்தடியில் கைகட்டி நின்று முறைத்துக்கொண்டிருக்கிறார். அது எனக்குப் பழகிவிட்டது. நேற்று நடந்ததுதான் பழகாதது. ஆட்டத்தில் ஜொனெல் முங்க வேண்டும், இரண்டு பேர் அவளைத் தூக்கி எழுப்ப வேண்டும், அதன்பின் எல்லோருமாக வட்டம் சுற்ற வேண்டும். நேற்று எழுந்தவள் வட்டத்துக்கு வரவில்லை. நான் கூப்பிடக் கூப்பிடக் கரையேறி, சொட்டச் சொட்ட நடந்து போய்விட்டாள். உன் வீட்டுக்குப் போனதாக லோரீன் சொன்னாள். சாயங்காலம் திரும்பி வந்தவள் நேரே போய்ப் படுத்துவிட்டாள்.

என்ன சொன்னாய் அவளிடம்? சபை ஒருமுறை என்னை வெளியே தள்ளியது. அதற்கு ஈடாக என் மகளை உள்ளே இழுத்துக்கொள்கிறீர்களா? ஆட்டத்தை நிறுத்த உனக்கு வேறு வழியே கிடைக்கவில்லையா?

பதில் எழுது. பிரசங்கம் வேண்டாம்.

வெனிடா


கேலப் தீவு
ஜூன் 18, 1994

அக்கா,

நான் அவளைக் கூப்பிடவில்லை. அவளாக வந்தாள். துண்டு கொடுத்து, சூடாகக் குடிக்கக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“மாமா, எனக்கு முழுக்குக் குடுங்க. வர்ற 26-ந் தேதி முழுக்குலயே வேணும்” என்றாள்.

ஏனம்மா என்றேன்.

“அம்மா சொல்றபடி தெனம் செத்துச் செத்து எந்திரிக்கிறேன் மாமா. இன்னிக்கு எந்திரிச்சப்ப, எந்திரிச்சது நானில்ல. யாரோ. அதை இனிமே என்னால நடிக்க முடியாது.”

உங்கம்மா கரையில் நிற்காமல் உன்னை நான் முக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அழுதாள். நான் சொன்னது அவ்வளவுதான். இப்போது உன்னைக் கேட்கிறேன். தினம் தினம் பிள்ளையை அந்தத் தண்ணீருக்குள் அனுப்பினது நீ. அங்கே ஏதோ ஒன்று அவள் கையைப் பிடித்தால், அதற்கு என்னிடமா கணக்குக் கேட்பது?

அவள் போன பிறகு நெடுநேரம் யோசித்தேன். ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தால் நடுவில் பிள்ளைதான் கிழிவாள். அதனால் எங்கள் முழுக்கை ஜூலை 10-க்குத் தள்ளிவைத்துவிட்டேன். அதைக் கேட்டதும் பர்விஸ் எழுந்து போய்விட்டார். அந்த ஞாயிறும் அந்தத் தண்ணீரும் உனக்கு. அந்த நேரம் நான் சபைக்குள் இருப்பேன், கதவைச் சாத்திக்கொண்டு. நான் கரையில் நின்றால் அவள் என் முகத்தைப் பார்த்து முடிவெடுப்பாள். என்ன நடந்தாலும் வெளியே வர மாட்டேன். வார்த்தை தருகிறேன். நீயும் கரையிலிருந்து அவளுக்குச் சைகை காட்டாதே. அவளாக ஆடட்டும், அல்லது அவளாக நிறுத்தட்டும்.

எஸ்ரா


பாலத்துக்கு அக்கரை
ஜூன் 28, 1994

எஸ்ரா,

ஊர் இதற்குள் உனக்குப் பத்து விதமாகச் சொல்லியிருக்கும். நான் கண்டதை எழுதுகிறேன்.

அவள் ஆட வந்தாள். “ஒரு தடவைதான்மா, அதுக்கப்புறம் என்னைக் கேக்கக் கூடாது” என்று காலையில் சொன்னாள். சரி என்றேன். சவானாக்காரர்கள் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். உன் சபைப் பெண்கள் வெள்ளை உடுத்து மறுபக்கம் நின்றார்கள். பாடவோ பேசவோ இல்லை, வெறுமே நின்றார்கள். சேற்றிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து ஆடினார்கள். நீர் இறங்கத் தொடங்கியது. ஜொனெல் நடந்து போய் முங்கினாள். எழுப்ப வேண்டிய இருவரும் குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டார்கள். கையில் ஆள் இல்லை.

இறக்கத்தின் இழுப்பு அவளைக் கொண்டுபோயிருந்தது. பார்க்க வந்தவர்கள் அதுவும் ஆட்டம் என்று மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எஸ்ரா, ஒருவர்கூட அசையவில்லை. அவ்வளவு நன்றாக அமைத்திருந்தேன். நான் தண்ணீருக்குள் ஓடினேன். கத்தினேன். அவள் பெயர் என் வாயில் வரவில்லை, கர்த்தர் பெயரும் வரவில்லை. உன் பெயர் வந்தது. எஸ்ரா, எஸ்ரா என்று தொண்டை கிழியக் கத்தினேன். சபைக் கதவு திறக்கவில்லை.

எனக்கு முன்னால் பர்விஸ் உள்ளே இறங்கியிருந்தார். தகராறு செய்ய வந்தவர். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டோடு, காலணியோடு. அவளுடைய அங்கி பழைய துறைக்கட்டையில் சிக்கியிருந்தது. அதைக் கிழித்து அவளை மேலே கொண்டுவந்தார். மார்பளவுத் தண்ணீரில் நான் போய்ச் சேர்ந்து அவளுடைய இன்னொரு கையைப் பிடித்தேன். கரையில் கிடத்தினோம். இருமினாள், வாந்தி எடுத்தாள், மூச்சு வந்தது. அந்தக் கிழவர் சேற்றில் உட்கார்ந்து, அவள் தலையைத் தடவி, “எங்கயும் போகல பொண்ணு, இங்கதான் இருக்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு உடைந்த குரலில் ஒரு பாட்டின் முதல் அடியை எடுத்தார். பெண்கள் பதில் பாடினார்கள். என் ஆட்டக்காரர்கள் கைதட்டினார்கள். பார்க்க வந்தவர்களுக்கு அப்போதுதான் புரிந்து எழுந்து நின்றார்கள்.

டாக்டர் பார்த்துவிட்டார். நன்றாக இருக்கிறாள். இனி இந்த ஆட்டத்தை நான் எங்கும் போட மாட்டேன்.

உன்னிடம் சொல்ல இரண்டு உண்டு. ஜூலை முழுக்கில் ஜொனெல் இறங்குகிறாள். அவள் முடிவு. நான் கரையில் நிற்பேன். அடுத்தது உனக்குக் கசக்கும். நீ அவளைப் பிடிக்க வேண்டாமாம். “மாமா நல்லவருதான். ஆனா நீ கூப்பிட்டப்ப அவரு வரல. வந்தவரு கையிலதான் நான் முங்குவேன்” என்கிறாள். நான் தூண்டிவிடவில்லை. மறுத்துப் பேசவும் எனக்கு மனம் வரவில்லை.

வெனிடா


கேலப் தீவு
ஜூலை 2, 1994

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கூப்பிட்டது கேட்டது.

கேட்கவில்லை என்று எழுதலாம் என்று ஒரு தாளைக் கெடுத்தேன். தாழ்ப்பாளில் கை வைத்து நின்றேன். வார்த்தை கொடுத்திருக்கிறேனே என்றுதான் நின்றேன். நான் வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டு நின்றபோது வேறொருவர் உன் பிள்ளையைக் காப்பாற்றினார். பாட்டுச் சத்தம் வந்த பிறகுதான் யாரும் சாகவில்லை என்று தெரிந்து உட்கார்ந்தேன். ஜொனெல் சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

பர்விஸிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டார். “ஆனா பாஸ்டர், எறக்கத்துல ஒத்த ஆளு பத்தாது. ஒரு கை நான் புடிக்கிறேன். இன்னொரு கைக்கு ஆளு வேணும்” என்றார். யாரைப் போடலாம் என்று கேட்டேன். நான் என்னமோ விவரம் கெட்டவன் மாதிரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அன்னிக்கு இன்னொரு கையைப் புடிச்சது யாரு? அவங்களையே வரச் சொல்லுங்க.”

சபையில் முணுமுணுப்பு எழுந்தது. பெண் பிள்ளை, அதுவும் சபையை விட்டுப் போனவள், துறையில் நின்று முழுக்குக் கொடுப்பதா என்றார்கள். பர்விஸ் திரும்பிப் பார்த்தார், அடங்கிவிட்டார்கள். ஒரு போதகர் சொல்ல வேண்டிய வசனம் உண்டு. அதை நான் கரையில் நின்று சொல்கிறேன். உங்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வேன்.

வெள்ளை உடுத்து வா. விளிம்பில் சின்னக் கல் வைத்துத் தைத்துக்கொள், இழுப்பில் துணி மேலே வராது. ஜொனெலுக்கும் அப்படியே தைத்துக் கொடு. முடிந்ததும் வீட்டுக்கு வாருங்கள். சபைக்குள் வர வேண்டாம், வீட்டுக்கு. நண்டு அவித்துவைக்கிறேன்.

உன் தம்பி,
எஸ்ரா