எடைக்கு எடை வெல்லம்

9-9-96, திங்கள்
தூறல். இடுப்பில் லுங்கி சுற்றி வரவில்லை. இரண்டு லுங்கிகளைச் சேர்த்துத் தைக்கக் கொடுத்தேன். தலைக்குள் ஓயாமல் வைதுகொண்டிருந்த, நான் முன்பு வேலை பார்த்த இரும்புப் பவுண்டரியின் மேஸ்திரி, மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் காலி செய்துவிட்டார். அந்த இடத்துக்குப் பசி குடிவந்திருக்கிறது. மேஸ்திரிக்கு இது எவ்வளவோ தேவலை. இது தோசை மட்டும்தான் கேட்கிறது.

12-9, வியாழன்
டாக்டர்: "மாத்திரையில பசி கூடும். சோத்தைக் குறைங்க, நடங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திப்போடாதீங்க." அண்ணன் தலையாட்டிய அழகு! டாக்டரே நம்பிவிட்டார்.

சாயந்திரம் குடும்பக் கூட்டம். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அண்ணன் கொடுமுடிக் கோயிலில் வேண்டிக்கொண்டது: தம்பி தெளிந்தால் எடைக்கு எடை வெல்லம். அப்போது நான் ஒட்டடைக்குச்சி. மலிவான வேண்டுதல்.

அண்ணன்: "இப்ப இவன ஏத்துனா தராசே ஒக்காந்துக்கும்."

அண்ணி: "ஏனுங்க, மாத்திரைய நிறுத்தினா எளைச்சுருவாருங்கல்ல? அதான் தெளிஞ்சுபோச்சே."

"அண்ணி, சோத்த வேணா நிறுத்துங்க, மாத்திரையக் குடுங்க" என்றேன்.

"பட்டினி போடறோம்னு ஊரு பேசுமுங்க தம்பி."

மாத்திரை பீரோவுக்குள். சாவி அண்ணி இடுப்பில்.

30-9
வெயில். பசி இல்லை. தூக்கமும். தைத்த லுங்கி வந்தது. அதற்குள் இன்னொருவர் நுழையலாம்.

5-11, செவ்வாய்
பக்கத்து வீட்டம்மா: "உங்க கொழுந்தனாரு புதுமாப்ள கணக்கா ஆயிட்டாருங்க!"

அண்ணி: "எல்லாம் எங்கூட்டுக் கவனிப்புங்க."

குழாயடியில் யாரோ இருமினார்கள். திரும்பினால் ஆள் இல்லை. தெரிந்த இருமல்.

"அண்ணா, மேஸ்திரி வந்துட்டாருங்க. மாத்திரை குடுங்க."

"வெல்லம் சொல்லிப்போட்டேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் அவரப் பொறுக்கச் சொல்லு."

சொன்னேன். பொறுக்கிற ஆள் இல்லை அவர்.

10-11, ஞாயிறு
கொடுமுடி. நல்ல கூட்டம். தூங்கிப் பல நாள், கண் எரிச்சல். தராசுத் தட்டில் கால் மடக்கி உட்கார்ந்தேன். எதிர்த் தட்டில் வெல்லம். வாங்கி வந்ததில் ஒரு சிப்பம் மிஞ்சிவிட்டது. அண்ணன் முகத்தில் தீபாவளி.

குருக்கள்: "தம்பிக்கு நல்லாத் தெளிஞ்சுதுங்களா?"

"சுத்தமாத் தெளிஞ்சுதுங்க சாமி."

மேஸ்திரி என் மடியில் உட்கார்ந்து வைதுகொண்டிருந்தார். தட்டு துளியும் இறங்கவில்லை.