பூட்ஸுக்குப் போட்ட கையெழுத்து

தென்காசி
3-7-1938

தம்பி தளவாய்க்கு நயினார் எழுதுதேன்.

நீயும் வடிவம்மாளும் சுகந்தானே? இங்கன சாரல் பிடிச்சிட்டு. ஒம் மவன் இசக்கிப்பாண்டி காலேஜு டீமுக்கு ஆட நேத்தே வந்து சேந்துட்டான். வருசா வருசம் ஆட்டத்துக்கு முன்னால அருவியில தலையக் குடுக்கணுமே, காலையிலேயே எண்ணெயத் தேச்சுக்கிட்டு குத்தாலத்துக்குப் போயிட்டான். காலேஜுல என்ன படிக்கானோ, பெரியப்பா வீட்டுல பதினோரு தோசை திங்கான்.

இந்த வருசக் கூத்தக் கேளு. மைதானத்தச் சுத்தித் தட்டி கட்டுதான். டிக்கட்டு எடுத்தாத்தான் புட்பால் பாக்க விடுவானாம். மில்லுக்காரன் கப்பு குடுக்கான், அவனும் ஒரு டீம் இறக்குதான். காப்பிக் கடையில பேச்சிமுத்து சொல்லுதான், "இனிமே காலேஜுப் பயலுவளும் கூலிக்குத்தான் ஆடுவானுவ அண்ணாச்சி. தட்டிக்காரன் சம்பாதிக்கான், சோடாக்காரன் சம்பாதிக்கான், ஓடுதவன் மட்டும் சும்மா ஓடணுமா?" நான் விடல. "ஏலே, அப்புறம் மாட்டுச் சந்தை மாதிரி பயலுவ பல்லப் பிடிச்சுப் பாப்பான்"னேன். அவன் சொல்லுததுலயும் ஞாயம் இருக்கத்தான் செய்யுது.

பதினேழாந் தேதி வெள்ளனவே வா. இருவது வருசமா ஒரே குடையில நின்னு பாக்கோம், ஊரே நம்மள அண்ணன் தம்பின்னு நினைக்கு. ரிட்டையராகியும் மாறாத ஒம் போலீசு மூஞ்சிக்கு நான் எப்படிலே அண்ணனாவேன்?

இப்படிக்கு,
நயினார்
(கையெழுத்தப் பாத்தியா? கலெக்டர் தோத்தான்!)


பாளையங்கோட்டை
8-7-1938

அண்ணாச்சி அவர்களுக்குத் தளவாய் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் தமாஷ் இருக்கட்டும். நேற்று பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, மில்லிலிருந்து அவருக்கு வந்த ஒரு காகிதத்தைக் காட்டினார். இசக்கிப்பாண்டி மூன்று வருஷம் மில்லுக்காகவே ஆடச் சம்மதம் என்று இங்கிலீஷில் இருக்கிறது. கீழே, பெரியப்பா என்று போட்டு உங்கள் கையெழுத்து. கொம்பும் சுழியும் எனக்குத் தெரியாதா?

கூலிக்கு ஆடுகிறவனுக்கு காலேஜில் இடமில்லையாம். பேரை அடித்துவிடுவார்களாம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக காலேஜ் படி ஏறியவன் அவன். வடிவு நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. எதில் கையெழுத்துப் போட்டீர்கள்? தபால் கண்டதும் எழுதுங்கள்.

தளவாய்


தென்காசி
10-7-1938

ஏலே தளவாய்,

அவசரத்துல எழுதுதேன். எழுத்து கோணத்தான் செய்யும்.

மில்லு ஏஜெண்டு வந்தான். இசக்கி அருவிக்குப் போயிருந்தான். புத்தம்புது பூட்ஸ் ஒரு சோடிய முன்னால வச்சு, "பையனுக்கு நீங்க யாரு?"ன்னான். "பெரியப்பா"ன்னேன். இருவது வருசமாச் சொன்ன வாயிதானே. "பூட்ஸ் வாங்குனதுக்கு ஒரு கையெழுத்து"ன்னான். மூணாங்கிளாசுக்காரனுக்கு இங்கிலீசு என்ன தெரியும்? கையெழுத்துன்னு கேட்டாலே எனக்கு உச்சி குளுந்து போயிருமே. போட்டேன்.

பயகிட்டச் சொன்னேன். பூட்ஸக் கழத்தி வச்சுட்டு மோட்டுவளையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். நேத்து ரெண்டு தோசைதான்.

வக்கீல் குமாஸ்தா நல்லகண்ணுகிட்டக் கேட்டேன். பயலுக்கு வயசு பதினேழு. வீட்டுப் பெரியவன் போட்டாத்தான் அந்தக் காயிதம் செல்லுமாம். அதனால நீ பிரின்சிபாலுக்கு எழுதிக் குடு, 'இந்த நயினார் எங்களுக்கு ஒண்ணுமில்ல, சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல'ன்னு. பொய்யா சொல்லப் போற? யோசிக்காத. பூட்ஸத் தொடச்சுத் திருப்பி அனுப்பிட்டேன்.

நயினார்


பாளையங்கோட்டை
12-7-1938

அண்ணாச்சிக்கு,

எழுதிவிட்டேன். மூன்று தாளைக் கிழித்த பிறகு நாலாவதில் முடிந்தது. 'மேற்படி நயினார் என்பவர்' என்று ஆரம்பிக்கவே அவ்வளவு நேரம். பிரின்சிபால் ஒப்புக்கொண்டார். பையன் பேர் நிற்கிறது.

ஏஜெண்டுதான் விடவில்லை. "தென்காசி மைதானத்தில் கேளுங்கள், அண்ணன் தம்பி என்று ஊரே சொல்லும்" என்கிறானாம். ஆட்டத்தன்று கண்ணால் பார்ப்பானாம். அதனால் இசக்கியை மற்றப் பையன்களோடு சத்திரத்துக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டாம். அவனுக்குப் பதினெட்டு முடியும் வரை கடிதமும் வேண்டாம்.

பொறுத்துக்கொள்ளுங்கள்.

தளவாய்


தென்காசி
18-7-1938

தளவாய்க்கு,

எழுதாதன்னு எழுதியிருந்த. இது ஒண்ணு மட்டும். படிச்சதும் கிழிச்சிரு.

நேத்து டிக்கட்டு எடுத்து, மில்லுக்காரன் பக்கம் தட்டியோரமா உக்காந்தேன். ஏஜெண்டு எம் முதுகுக்குப் பின்னாலேயே நின்னான். அவன் காதுல விழணும்னு மில்லு டீமுக்குத் தொண்டை கிழியக் கத்துனேன். "ஏலே இசக்கி, ஒனக்குக் காலா கரண்டியா?"ன்னு ஏசுனேன். பய திரும்பி ஒரு பார்வை பாத்தான். அடுத்த நிமிசம் அந்தப் பழைய பூட்ஸோட அடிச்சான் பாரு கோலு! துண்ட வாயில திணிச்சுக்கிட்டேன். கண்ணுல வந்தத ஏஜெண்டு சாரல்னுதான் நினைச்சிருப்பான்.

எதுத்தாப்புல ஒங் குடை தெரிஞ்சுது. பக்கத்துல ஒரு ஆளும் இல்ல, நீ பாட்டுக்குக் குடைய ஒரு பக்கமாச் சாய்ச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்க. ஒந் தோளு பாதி நனையுது. நேராப் பிடிலே கிறுக்கா! ஏஜெண்டு பாத்தா என்ன நினைப்பான்?

கீழ கையெழுத்துப் போடல. போட்ட வரைக்கும் போதும்.